பிசிறு என்று துடைத்தது

ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான பெண் ஒருத்தி தேவை என்று சொன்னதும், துறையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் ஏதாவது ஒரு வியாதி வந்துவிட்டது. ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்திக்குத் தைராய்டு, இன்னொருத்திக்கு மாமியார். மாளவிகா யாரையும் குறை சொல்லவில்லை. ஓட்டை போட்ட கட்டிலில் குப்புறப் படுத்து, மார்பகத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு, கீழிருந்து லேசர் பாயப் பாய அரைமணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்றால் எவள் வருவாள்?

2008 பொங்கலுக்குக் குரோம்பேட்டையில் நாத்தனார் சுந்தரவல்லி வீட்டில் சாப்பாடு. இலையில் உட்கார்ந்ததும் மாளவிகா இந்தப் புலம்பலைத்தான் ஆரம்பித்தாள். அவள் கணவன் கிரீஷ் நாவலூரில் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன். பலமுறை கேட்ட கதை என்பதால் அவியலில் கவனமாக இருந்தான். சுந்தரவல்லியின் கணவர் சாம்பசிவன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், சங்கோஜி. பேச்சு எங்கே போகிறது என்று தெரிந்ததும் மோர் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

"நான் வரேன்டீ," என்றாள் சுந்தரவல்லி.

மாளவிகாவுக்கு நம்ப முடியவில்லை. சுந்தரவல்லி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 'எங்க வீட்டுக்கு வாழவந்து நாலு வருஷமாச்சு, இன்னும் ஹோம்வொர்க் முடியல' என்று தம்பி பெண்டாட்டியின் பி.எச்டி.யைக் கிண்டல் செய்வதைத் தவிர அந்தப் படிப்புக்கு அவள் வேறு எதுவும் செய்ததில்லை.

"நிஜமாவாக்கா?"

"பின்ன? நீ எப்பதான் முடிக்கிறது? நான் வந்தாலாவது முடியுதா பாப்போம்."

உண்மையான காரணத்தை அவள் சொல்லவில்லை. மார்கழியில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பகத்தின் ஓரத்தில் கடலைப்பருப்பு அளவுக்கு ஏதோ ஒன்று அவள் விரலில் தட்டியது. கணவரிடம் சொல்லவில்லை. அடாவடிப் பையன்களை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள்தான், ஆனால் ஆஸ்பத்திரி என்றால் அவளுக்குப் பயம், வாசலையே மிதிக்க மாட்டாள். வீட்டிலேயே ஒருத்தி மெஷின் வைத்திருக்கிறாள். அதில் ஒரு தடவை படுத்து எழுந்தால், யாருக்கும் தெரியாமல் விஷயம் தெரிந்துவிடும். இதுதான் அவள் போட்ட கணக்கு. மாளவிகாவிடம் கட்டியைப் பற்றிச் சொன்னால் ஆரோக்கியமான பெண் என்று சேர்த்துக்கொள்ள மாட்டாள். அதோடு, வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற பயமும் இருந்தது.

மாளவிகாவின் கல்லூரி, தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இது நோய் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த படிவத்தில் சுந்தரவல்லி படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். கேள்வியைச் சரியாகப் படிக்காத பிள்ளைகளுக்கு மார்க் குறைக்கிறவள் அவள்.

"இதுல என்னடீ பண்ணுவே?" என்று குப்புறப் படுத்தபடி கேட்டாள்.

"வெளிச்சத்தைப் போட்டுச் சத்தத்தைக் கேப்பேன்க்கா."

"காது குத்தாதே."

மாளவிகாவுக்குப் பிடித்த கேள்வி. உற்சாகமாகச் சொன்னாள். தீபாவளி அன்று தெருவில் எங்கேயோ ஒரு வெடி வெடிக்கிறது. வெவ்வேறு மொட்டை மாடிகளில் நிற்பவர்களுக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் முன்னே பின்னே கேட்கும். யாருக்கு எப்போது கேட்டது என்று தெரிந்தால், வெடி எந்த வீட்டு வாசலில் வெடித்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். லேசர் பட்டதும் ரத்தம் இத்தனூண்டு சூடாகி, காதுக்கு எட்டாத ஒரு சத்தம் போடும். தொட்டியைச் சுற்றியுள்ள சென்சார்கள்தான் மாடியில் நிற்பவர்கள். எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் ரத்தக் குழாய்களை முப்பரிமாணத்தில் வரைந்துவிடும்.

"அப்ப ரத்தம் எங்க ஜாஸ்தியா இருந்தாலும் தெரிஞ்சிடும்?"

"தெரியாம எங்க போகும்?" என்றாள் மாளவிகா. சுந்தரவல்லி அசையாமல் படுத்திருந்தாள். இவ்வளவு நல்ல வாலண்டியர் யாருக்குக் கிடைப்பாள் என்று மாளவிகா நினைத்துக்கொண்டாள்.

படம் அருமையாக வந்தது. ஒரே ஒரு இடம்தான் உறுத்தியது. இடதுபுறம், ஆழத்தில், ஓரமாக, விரலில் மாவைத் தொட்டு இழுத்ததுபோல் வெள்ளையாக ஒரு தீற்று. மாளவிகா இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறாள். உடம்பு முழுக்கச் சத்தம் ஒரே வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. கொழுப்பில் சத்தம் கொஞ்சம் மெதுவாகப் போகும். அதனால் கணக்கு இடறி, இல்லாத இடத்தில் எல்லாம் பிசிறு விழும். ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்த இடத்தில் அவ்வளவு ரத்தம் இருக்க வழியில்லை. ஆகவே அது ரத்தமில்லை, பிசிறு. இப்படித்தான் அவள் புத்தி போனது. அந்த இடத்தைச் சுற்றி மவுஸால் ஒரு வட்டம் போட்டாள், அதற்குள் இவ்வளவுக்குக் கீழே உள்ள வெளிச்சத்தைக் காட்டாதே என்ற வரம்பை ஒரு படி ஏற்றினாள், தீற்று போய்விட்டது. திருட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுதான்.

படத்தை லேப்டாப்பில் போட்டுக் குரோம்பேட்டைக்கே கொண்டுபோய்க் காட்டினாள். ரத்தக் குழாய்கள் சிவப்பாகக் கிளைவிட்டு மெதுவாகச் சுழன்றன. சாம்பசிவன் கூட வெட்கத்தை விட்டு எட்டிப் பார்த்து, "வேர் மாதிரி இருக்கும்மா," என்றார்.

சுந்தரவல்லி அதை வெகுநேரம் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கு."

"நல்லா பாத்தியா? இந்தப் பக்கம்?" இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எல்லாப் பக்கமும் பாத்தாச்சு. ஒரு குறையும் இல்ல."

ஒருவர் ஆசையாகக் கேட்கும்போது நல்ல வார்த்தை சொல்வது நம் வீடுகளில் பழக்கம். குழந்தை யார் ஜாடை என்று கேட்டால் கேட்பவர் ஜாடை என்போம். மாளவிகா அந்தப் பழக்கத்தில்தான் சொன்னாள். அவள் டாக்டர் இல்லை என்பதும், படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்பதும் அந்த நிமிஷம் அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

அந்தப் படத்துக்கு பெங்களூர் மாநாட்டில் பரிசு கிடைத்தது. அவளுடைய கைடு பேராசிரியர் அசரியா துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். மாளவிகா அடுத்த வேலையில் இறங்கினாள். சத்தம் எங்கே எந்த வேகத்தில் போகிறது என்பதையும் படத்தோடு சேர்த்தே கண்டுபிடிக்கும் புதுக் கணக்கு அது. ஒரு படம் வரைந்து, அதிலிருந்து என்ன சத்தம் வந்திருக்கும் என்று கணக்கிட்டு, நிஜமாக வந்த சத்தத்தோடு ஒப்பிட்டு, பிழையைத் திருத்தி, மறுபடி வரைய வேண்டும். அது சரியாக வந்தால் பிசிறுகள் தாமாகவே போய்விடும், கையால் துடைக்க வேண்டியதில்லை. வேலை முடிய ஆயுத பூஜை வந்துவிட்டது.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே ஆய்வக அட்டெண்டர் மாணிக்கவேல் லேசருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டார். "இனிமே மெஷினத் தொடக்கூடாதும்மா. அதுவும் ரெஸ்ட் எடுத்துக்கினு போட்டும்," என்றார். அசரியா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் பூஜை சுண்டலுக்கு முதல் ஆளாக நிற்பார். அவரும் தலையாட்டிவிட்டார்.

"இந்தக் கம்ப்யூட்டர் ஒண்ண மட்டும் விட்டுடுங்க மாணிக்கவேல் அண்ணா."

"இன்னாம்மா பேஜாரா கீது ஒன்னோட," என்று முனகிக்கொண்டே அவர் அதை விட்டுவிட்டுப் போனார்.

லேசரைத் தொடக்கூடாது, புதிதாகப் படம் எடுக்க முடியாது. கையில் இருந்த பழைய பதிவுகளில் சுத்தமானது சுந்தரவல்லியுடையதுதான். புதுக் கணக்கை அதன்மேல் ஓடவிட்டாள். அந்தத் தீற்று இந்தத் தடவை தானாகக் கரைவதைப் பார்க்கப்போகிறோம் என்று ஆவலாக உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் இருந்த மற்ற பிசிறுகள் ஒவ்வொன்றாகப் போயின. தீற்று மட்டும் போகவில்லை, சுருங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் சுருங்கி, இன்னும் பிரகாசமாகி, கடைசியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு உருண்டையாக நின்றது. கட்டி ஒன்று ரத்தத்தை இழுத்து வளரும்போது பின்னுவதுபோல், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடந்தன. பிசிறு அப்படிச் செய்யாது. பொய்யான வெளிச்சம் திருத்தத் திருத்தக் கலையும். நிஜமானதுதான் திருத்தத் திருத்தக் கூர்மையாகும். இதைத் தன் ஆய்வுரையில் அவளே எழுதியிருந்தாள்.

மாளவிகா நாற்காலியை விட்டு எழவில்லை. கொழுப்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். வேண்டுமென்றே தப்பான எண்ணைப் போட்டதும் உருண்டை மங்கி மறுபடி தீற்றானது. சரியான எண்ணைப் போட்டதும் திரும்பி வந்தது. நாலு வருஷமாக எந்தக் கணக்கு சரியாக வர வேண்டும் என்று ஏங்கினாளோ, அது தப்பாக இருக்கக் கூடாதா என்று கும்பிடாத குறையாக இருந்தாள். ஜனவரியிலேயே இது என் கண்ணில் பட்டது, நான் மவுஸால் வட்டம் போட்டு அழித்தேன், அதற்குப் பரிசும் வாங்கினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

அசரியா சுண்டல் பொட்டலத்தோடு வந்தார். படத்தைப் பார்த்தார். பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"யாரோடது?"

"என் நாத்தனார், சார்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புது மெத்தட்மா. இன்னும் எதுலயும் டெஸ்ட் பண்ணல. முதல்ல மாதிரிக் கட்டி செஞ்சு வச்சுப் பாப்போம். ரெண்டு வாரம். நல்லா இருக்கிற ஒருத்தங்களைப் போய் பயமுறுத்துறதும் தப்புதானே? தப்பா இருந்தா என்ன பண்ணுவே?"

"தப்பா இருந்தா திட்டு வாங்கிக்கிறேன் சார். சரியா இருந்தா?"

அசரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிளம்பும்மா," என்றார்.

போகும் வழியில் கிரீஷுக்குப் போன் செய்தாள். அவன் பதறிப்போனான், ஆனாலும் முதலில் வாயில் வந்தது, "ஃபார்ம்ல அக்கா சைன் போட்டிருக்கா இல்ல?" என்பதுதான். சொன்னதும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. "சாரி," என்றான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அதே யோசனை அவளுக்கும் வந்திருந்தது, அவனுக்கு முன்னாலேயே.

குரோம்பேட்டை வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கியாகிவிட்டது. சாம்பசிவன் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சுந்தரவல்லி சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"வா வா. இன்னிக்குப் படிக்கக் கூடாதுன்னதும் ஓடி வந்துட்டியா?"

மாளவிகா சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லவே முடியாது என்று தெரிந்திருந்தது. "அக்கா, ஜனவரில எடுத்த படத்துல ஒண்ணு இருந்துச்சு. நான் அதைப் பிசிறுன்னு நெனச்சுத் துடைச்சிட்டேன். இப்ப புதுசாக் கணக்குப் போட்டதுல நல்லாத் தெரியுது. இடது பக்கம், ஓரமா. நீங்க உடனே டாக்டர்கிட்ட போகணும்."

சுந்தரவல்லி எண்ணெயிலிருந்த வடைகளை எடுத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் மாளு."

"என்னக்கா சொல்றீங்க?"

"மார்கழியிலேயே கையில தட்டுப்பட்டுது. அதுக்குத்தான் உன் மெஷின்ல வந்து படுத்தேன். உன் படிப்புக்கா வந்தேன்னு நெனச்சே?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீ ஒண்ணுமில்லேன்னு சொன்னியா, அன்னிக்கே கோயிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். அப்புறம் அது கொஞ்சம் பெரிசாச்சு. நடுவுல ஒரு நாள் வலிச்சுது. மாளு பாத்துட்டா, மெஷினே பாத்துட்டுது, இது வேற ஏதோ கொழுப்புக் கட்டின்னு விட்டுட்டேன்."

மாளவிகா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுந்தரவல்லி அவள் முதுகில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "இப்ப அழாதே. அவர் வந்துடுவார். அவருக்கு எதுவும் தெரியாது," என்றாள். ஆறுதலா கண்டிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். மாளவிகாவுக்கு அந்தக் கை முதுகில் இருப்பதே தாங்க முடியவில்லை.

பூஜை முடிந்த கையோடு கிண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போனார்கள். எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டபோது, "போன வாரம்தான் கவனிச்சேன்," என்றாள் சுந்தரவல்லி, சட்டென்று. மாளவிகா வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் ஒரு நிம்மதி பரவியது. வெளியே வந்த பிறகுதான் அந்த நிம்மதியை நினைத்துத் தன்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ படங்கள் எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று சாம்பசிவனும் வந்தார். கட்டி இருப்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. மெஷின் கதை தெரியாது. மாளவிகா துணைக்கு வருவதை மட்டும் பார்த்து, "உன்னை மாதிரி யாரும்மா ஓடி வருவா?" என்று மூன்று தரம் சொன்னார்.

டாக்டரம்மா தாள்களைப் புரட்டினார். புற்றுதான் என்றார். அக்குளுக்கும் போயிருக்கிறது என்றார். மருத்துவம் இருக்கிறது, பயப்பட வேண்டாம், ஆனால் நீளமான மருத்துவம். சாம்பசிவன் கையில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"ஒரு விஷயம்தான் இடிக்குது," என்றார் டாக்டரம்மா. "போன மாசக் கடைசியிலதான் பாத்தேன்னு சொல்றீங்க. அதுக்குள்ள இவ்வளவு வளர்ந்திருந்தா ரொம்ப வேகமான வகை. அதுக்குத் தகுந்த மாதிரி மருந்து யோசிக்கணும். நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. எப்பதான் முதல்ல பாத்தீங்க?"

"அப்பதான் டாக்டர்," என்றாள் சுந்தரவல்லி. மேஜைக்குக் கீழே அவள் கை மாளவிகாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. பேசாதே என்று அர்த்தம்.

மாளவிகா அந்தக் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தாள்.

"இல்ல டாக்டர். ஜனவரியிலேயே இருந்தது. எங்க லேப்ல எடுத்த படத்துல இருக்கு. ரெண்டையும் வச்சு எவ்வளவு வளர்ந்திருக்குன்னு நீங்க அளந்து பாத்துக்கலாம். கொண்டுவந்திருக்கேன்."

"ஜனவரியில தெரிஞ்சும் ஏன் வரல?"

"அக்கா கேட்டாங்க. நான்தான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். படத்துல இருந்ததை அழிச்சிட்டுச் சொன்னேன்."

டாக்டரம்மா எழுதியிருந்ததை அடித்துவிட்டு மேலே ஜனவரி என்று எழுதினார். "அப்ப வந்திருந்தா அனேகமா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்," என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அடுத்த தாளைப் புரட்டினார்.

சாம்பசிவன் மாளவிகாவைத் திரும்பிப் பார்த்தார். வேர் மாதிரி இருக்கும்மா என்று லேப்டாப்பை எட்டிப் பார்த்த அதே முகம்தான், அடையாளம் தெரியவில்லை. அவர் மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பார்க்க முன்னால் போய்விட்டார்.

வெளியே தூறலாக இருந்தது. படியில் நிற்கும்போது சுந்தரவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்ல, நீ ஏன்டீ நடுவுல பேசினே?"

"டாக்டருக்குத் தெரியணும்க்கா."

"டாக்டருக்குத் தெரியணும், அதை அவர் இல்லாதப்ப சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இப்ப எனக்கு ரெண்டு வேலை. உடம்பையும் பாத்துக்கணும், அவரை உன்கூடப் பேசவும் வைக்கணும்." அவள் கண் கலங்கியிருந்தது. "முதல் வேலையாவது முடியுதா பாப்போம்."

ஆட்டோ வந்து நின்றது. சுந்தரவல்லி ஏறி, உள்ளே தள்ளி, அந்தக் கோடிவரை நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் சாம்பசிவன் ஏறினார். நகராமல், வெளி ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாளவிகா நனைந்துகொண்டு நின்றாள்.

டிரைவர் தலையை நீட்டினான். "எக்கா, நீ வர்லியா? ஏறிக்கோ. எடம் கீதே சார், கொஞ்சம் அப்பால நவுரு."

"நீ எடுப்பா," என்றார் சாம்பசிவன்.